பன்னாட்டு அமைப்பில் பயிற்சி, கற்றல் சொற்களை எல்லா அலுவலகங்களும் ஒரே பொருளில் வழங்கச் செய்வது எப்படி?

உங்கள் அமைப்பில் ஒவ்வொரு நாட்டு அலுவலகமும் 'பயிற்சி', 'பயிலரங்கு', 'கோர்ஸ்' என்பவற்றைத் தனக்குத் தோன்றிய பொருளில் எழுதுகிறது, தலைமையகம் உங்களைச் சொற்பட்டியல் தயாரிக்கச் சொல்லியிருக்கிறது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே வேலையை ஒரு பன்னாட்டு அமைப்பின் பயிற்சிப் பிரிவில் நான்கு ஆண்டுகள் செய்தவள் நான். ஆண்டறிக்கையில் இருக்கும் எண்களிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

எங்கள் அறிக்கையில் 'பயிற்சி பெற்றவர்கள்' என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு மணி நேர வெபினாருக்குள் எட்டிப் பார்த்தவர்களையும் ஓர் அலுவலகம் அதில் சேர்த்தது. இன்னோர் அலுவலகம் ஐந்து நாள் வகுப்பை முடித்துத் தேர்விலும் தேறியவர்களை மட்டும் எண்ணியது. வேறொன்றில் ஒரே ஆள் மூன்று வகுப்புக்கு வந்தால் கணக்கில் மூன்று பேர். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் புரிந்துகொண்டபடி நிரப்பினார்கள். அதையெல்லாம் கூட்டி, ஒரே எண்ணாக, நிதி தருபவர்களுக்கு நாங்கள் அனுப்பிக்கொண்டிருந்தோம். அது தெரியவந்த அன்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆகவே முதலில் எந்தெந்தச் சொல் எண்ணாக மாறுகிறதோ அவற்றை மட்டும் எடுங்கள். எங்களுக்கு நாற்பது சொற்கள் தேறின. அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்து, பெயரைத் தள்ளிவைத்துவிட்டுக் கருத்தை எழுதுங்கள். கலைச்சொல் பணிக்கான ஐஎஸ்ஓ 704 தரநிலை சொல்லும் வழியும் இதுதான்: கருத்து, அதற்கு வரையறை, கடைசியில்தான் பெயர். வரையறை சரியா என்று பார்க்க அதிலேயே ஒரு சோதனையும் இருக்கிறது. உண்மையான ஒரு வாக்கியத்தில் சொல்லை எடுத்துவிட்டு வரையறையை அங்கே வைத்துப் படியுங்கள். வாக்கியம் நின்றால் வரையறை நிற்கும். எங்கள் முதல் வரைவில் பாதி இந்தச் சோதனையில் விழுந்தது.

கருத்தை முதலில் வைப்பது ஏன் என்பது மொழி மாறும்போது புரியும். ஆங்கிலத்தில் கற்பவரின் தேர்ச்சியை அளந்தால் அசெஸ்மென்ட், நிகழ்ச்சியின் பயனை அளந்தால் எவாலுவேஷன். பிரெஞ்சில் இரண்டுக்கும் எவாலுவாசியோன் என்றே சொல்லிவிடுவார்கள். தமிழில் நாமும் இரண்டையும் 'மதிப்பீடு' என்கிறோம். பிரெஞ்சில் அப்ரான்திசாழ் என்றால் கற்றல். தொழிற்பழகுநர் பயிற்சியும் அதே சொல்தான். ஆங்கிலப் பட்டியலை வரிசையாக மொழிபெயர்க்கக் கொடுத்தால் இந்த இடங்களிலெல்லாம் தடுக்கி விழுவோம். நாங்கள் அப்படித்தான் விழுந்தோம். பிறகு ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்தந்த மொழியில் பெயர் வைக்கும் பொறுப்பை அங்கே பயிற்சி நடத்துபவர்களிடமே விட்டோம். மொழிபெயர்ப்பாளர்களை முதல் கூட்டத்துக்கே அழையுங்கள். கடைசியில் அழைத்தால் அவர்கள் எழுப்பும் ஐயத்துக்கு வரையறையையே மாற்ற வேண்டிவரும்.

புதிதாக எழுதுமுன் இருப்பதைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 29995 கல்வி, கற்றல் சேவைகளுக்கான சொற்களையே வரையறுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தொழிற்பயிற்சி மேம்பாட்டு மையமான செடெஃபோப் பன்மொழிச் சொற்களஞ்சியம் வெளியிட்டிருக்கிறது. ஆறு அலுவல் மொழிகளிலும் ஒரு சொல்லுக்கு என்ன வழங்குகிறது என்பதற்கு ஐ.நா.வின் சொல் தரவுத்தளமான யுஎன்டெர்மைப் பாருங்கள். யுனெஸ்கோவின் பன்னாட்டுக் கல்வி வகைப்பாடான ஐஎஸ்செட் 2011, பள்ளி, கல்லூரி போன்ற முறையான கல்வியையும், அதற்கு வெளியே திட்டமிட்டு நடத்தும் கல்வியையும், வகுப்பு எதுவும் இல்லாமல் வேலையிடத்திலோ வீட்டிலோ ஒருவர் தானே முனைந்து கற்பதையும் பிரித்துக் காட்டுகிறது. பின்னிரண்டையும் தமிழில் 'முறைசாரா' என்று ஒன்றாகவே எழுதிவிடுகிறோம். உங்கள் ஊழியர்கள் சக பணியாளரிடம் கற்றதைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்ற முடிவே இந்தக் கோட்டில்தான் நிற்கிறது.

வேலையைச் செய்துகாட்டும் வல்லமையைக் குறிக்கும் 'காம்பிடென்ஸ்' என்ற சொல்லிடம் மட்டும் எச்சரிக்கை. அதன் பொருளில் எளிதில் ஒத்துப்போக மாட்டார்கள். நாடுகளின் கல்வித் தகுதிகளை ஒப்பிட உதவும் ஐரோப்பியத் தகுதிக் கட்டமைப்பு 2008-இல் தன் அட்டவணையில் அறிவு, திறன், காம்பிடென்ஸ் என்று மூன்று பத்தி வைத்தது. 2017-இல் மூன்றாம் பத்தியின் தலைப்பைப் 'பொறுப்பும் தன்னாட்சியும்' என்று மாற்றினார்கள். இந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் மூன்று கூட்டம் செலவழித்தோம். படிவத்தில் அதற்கு வேலை இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

முடிந்த பட்டியலைப் பிடிஎஃப் ஆக அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். பயிற்சிப் பதிவு மென்பொருளின் தேர்வுப் பட்டியலில் சொல்லை வையுங்கள், பக்கத்திலேயே ஒற்றை வரி வரையறை இருக்கட்டும். பேச்சில் அவரவர் பழகிய சொல்லைச் சொல்லட்டும், அதைத் தடுக்காதீர்கள். பதிவில் மட்டும் ஒரே சொல்.

பழைய ஆண்டுகளின் எண்களைத் திருத்த முயல வேண்டாம், முடியாது. அறிக்கையில் ஒரு கோடு போட்டு, 'இதற்கு முன் எண்ணிய முறை வேறு' என்று எழுதினோம். புதிய முறையில் எங்கள் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. நிதி தருபவர்களிடம் இதை விளக்கப் போன அன்று எனக்குக் கை நடுங்கியது. அவர்கள் முதலில் கேட்டது, அந்த நாற்பது வரையறைகளைத் தங்களுக்கும் அனுப்ப முடியுமா என்பதுதான்.