கடலைப் பார்க்காத ஊரிலிருந்து கடற்பனிக்கு

பாலக்கோட்டில் பிறந்து, கடற்பனி ஆய்வில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் இந்த வாரம் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

மகள் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டு. கடற்பனி ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். நாங்கள் தக்காளி போடும் குடும்பம். கடலையே அவள் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். இது என்ன வேலை? சரிப்பட்டு வருமா?
_ஒரு தந்தை, காரிமங்கலம்_

நான் கடலைப் பார்த்ததே இருபது வயதில்தான் அய்யா. அந்தக் கவலையை விடுங்கள்.

கடற்பனி என்றால் கடல்நீரே உறைந்து மிதக்கும் பனி. நம் பக்கம் போர் போடும்போது எத்தனையாவது அடியில் என்ன நிறத்தில் மண் வருகிறது என்று கிட்டே நின்று பார்ப்போமே, ஏறக்குறைய அதே வேலைதான். பல் வைத்த குழாயைப் பனியில் திருகி இறக்கினால், முன்கைப் பருமனில் ஒரு பனித்தண்டு வரும். பத்து சென்டிமீட்டருக்கு ஓர் ஓட்டை போட்டு உடனே வெப்பநிலை பார்க்க வேண்டும். அப்புறம் ரம்பத்தால் அறுத்து, துண்டு துண்டாக டப்பாவில் போட்டு மூட வேண்டும். அசந்தால் உப்புநீர் ஒழுகிப் போய்விடும். அந்த உப்புக்காகத்தான் இத்தனை பாடும். கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரி வாக்கில் உறையும்போது உப்பை வெளியே தள்ளும். கொஞ்சம் மட்டும் உள்ளே மாட்டிக்கொள்ளும். கடல்நீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு என்றால், ஓராண்டுப் பனியில் 5 கிராம் அளவுக்கு இருக்கும். கோடை தாண்டிய பழைய பனியை உருக்கிக் குடிக்கலாம். எங்கள் வீட்டு போர் தண்ணீர் அதைவிடக் கரிக்கும்.

இதைக் கேட்டுவிட்டு மகள் ஸ்வெட்டர் வாங்கக் கிளம்ப வேண்டாம். நான் அண்டார்டிகா போய்ப் பனியில் நின்றது இரண்டே கோடைகள். மிச்ச வருஷமெல்லாம் கோவாவில், வாஸ்கோ என்ற ஊரில், கணினி முன்னால்தான். 1978 கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் நுண்ணலையை வைத்துக் கடற்பனியை அளந்து வருகின்றன. மேகமும் துருவ இருட்டும் அதற்குத் தடையில்லை. அந்த எண்களோடுதான் குடித்தனம். மகளுக்கு நிரல் எழுத வருமா என்று முதலில் கேளுங்கள். குளிர் தாங்குவாளா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மிதக்கும் பனி உருகினால் கடல்மட்டம் உயராதாமே? பிறகு ஏன் இவ்வளவு கவலை?
_ஒரு வாசகர், ஓசூர்_

அநேகமாக உயராதுதான். ஆனால் சித்திரை வெயிலில் சுண்ணாம்பு அடித்த மாடியிலும் கிருஷ்ணகிரிப் பாறையிலும் வெறுங்காலோடு நின்று பாருங்கள். மேலே வெண்பனித் தூள் படிந்த கடற்பனி, விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். பனி போன கடல் 90 சதவீதத்துக்கு மேல் விழுங்கிவிடும். அந்தச் சூட்டில் இன்னும் பனி போகும். ஆர்க்டிக்கில் 1980-களின் செப்டம்பரில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி மிஞ்சியது. 2012-ல் 34 லட்சம்.

அண்டார்டிகா மட்டும் எங்களைப் படுத்தியது. 2014 வரை அங்கே பனி கூடிக்கொண்டே போனது. கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்னைக் கிண்டலடிப்பார்கள். 2016-ல் சரியத் தொடங்கி, 2023-ல் குளிர்கால உச்சமே அதுவரை அளந்ததில் ஆகக் குறைவாகிவிட்டது. அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

பனிக்கரடியை நேரில் பார்த்திருக்கிறீர்களா?
_ஏழாம் வகுப்பு மாணவி, அரூர்_

நான் போனது அண்டார்டிகா. அங்கே பனிக்கரடி கிடையாது, கண்ணு. பென்குயின் பார்த்தேன். கிட்டே போனால் நாற்றம் தாங்காது.