தண்ணீர் ஊற்ற நேரமில்லாதவர்களின் வளவு: கேள்வி பதில்

தோட்டம் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நான் விவசாயம் படித்தவன் இல்லை. பாலையூற்றில் 15 பேர்ச் வளவில் இருபது வருஷமாகக் கன்றுகளை வைத்தும் சாகடித்தும் பழகியவன். சாகடித்த கணக்குத்தான் கூட. அதனால் இங்கே சொல்வதெல்லாம் திருகோணமலை மண்ணுக்கும் காற்றுக்கும்தான் பொருந்தும். கண்டியில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம்.

புது வீடு கட்டி ஆனந்தபுரியில் குடிவந்திருக்கிறோம். வீட்டுக்கு முன்னால் ஒரு 500 சதுர அடி வெறும் நிலம் கிடக்கிறது. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். புல் விரித்தால் வேலை குறைவுதானே அண்ணா?

இல்லை தங்கச்சி. இருக்கிறதிலேயே வேலை கூடியது புல்தான். பார்க்கச் சும்மா கிடப்பது மாதிரி இருக்கும், ஆனால் அது தினமும் குடிக்கும். நம்முடைய வெயில் காலத்தில் ஒரு சதுர மீற்றர் புல்லிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லீற்றர் தண்ணீர் ஆவியாகப் போகிறது. உங்களுடைய 500 சதுர அடி என்றால் 46 சதுர மீற்றர். நாளுக்கு 230 லீற்றர், அதாவது 23 வாளி. அதுவும் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கிற ஆடி, ஆவணியில். போதாததற்கு வெட்ட வேண்டும், களை பிடுங்க வேண்டும்.

உங்களுடைய அம்மம்மா வீட்டு முற்றம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளை மணல். காலையில் ஈர்க்குமாறு போட்ட வரி வரியான அடையாளம். ஓரத்தில் ஒரு வேம்பு, கிணற்றடியில் நாலு வாழை, வேலியோரம் செவ்வரத்தை. அதைப் பழசு என்று ஒதுக்கிவிட்டோம். ஆனால் இந்த ஊருக்கு அதைவிடக் கெட்டித்தனமான ஒழுங்கு எனக்குத் தெரியாது. மணல் மழைத் தண்ணீரை உள்ளே இறக்கிவிடும், சேறு ஆகாது, பாம்பு பூச்சி வந்தால் தெரியும், தண்ணீர் கேட்காது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் படலையிலிருந்து வாசல் வரை இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்துக்குக் கல் பதிப்பேன். மேற்குப் பக்கம் நிழலுக்கு ஒரு மரம் வைப்பேன். மதிலோரம் மூன்றடி அகலத்துக்கு ஒரு பாத்தி, அதில் மூன்று வகைக் கன்று மட்டும், ஒவ்வொன்றிலும் நாலைந்து. மிச்சம் எல்லாம் மணல். புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற பிழை, பதினைந்து வகையில் ஒவ்வொன்று வாங்கி வருவது. ஒன்றுக்குத் தண்ணீர் வேண்டும், ஒன்றுக்குக் கூடாது, ஒன்றுக்கு நிழல், ஒன்றுக்கு வெயில் என்று நாளெல்லாம் அதற்குப் பின்னால் ஓட வேண்டிவரும். பார்க்கவும் கன்றுக்கடை மாதிரித்தான் இருக்கும்.

சித்திரை வருஷத்துக்கு என்று ஆறு செவ்வரத்தை வாங்கி வைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றியும் ஆடிக்குள் ஐந்து செத்துவிட்டது. எனக்குக் கைராசி இல்லையா? (உவர்மலை)

கைராசி எல்லாம் இல்லை அக்கா, மாதம்தான் பிழை. நமக்கு வருஷத்து மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். சித்திரையில் வைத்த கன்று வேர் ஓட முதலே கச்சான் வந்துவிட்டது. (காற்றைச் சொல்கிறேன், திருவிழாவில் வாங்கிக் கொறிக்கிற கச்சானை இல்லை.) வைகாசியிலிருந்து மேற்கே காய்ந்த தரையெல்லாம் கடந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்று இலையிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற வேகத்துக்கு, ஒரு சாண் வேரால் தண்ணீர் இழுத்துக் கொடுக்க முடியாது.

கன்று வைக்கிற காலம் ஐப்பசி. முதல் இரண்டு நல்ல மழை விழுந்து, விரலை விட்டால் மண் ஒரு சாணுக்கு ஈரமாக இருக்க வேண்டும். அன்றைக்கு வையுங்கள். மூன்று மாதம் வானம் பார்த்துக்கொள்ளும். தை முடியும்போது வேர் கீழே போயிருக்கும்.

ஒன்றரை அடி ஆழம், ஒன்றரை அடி அகலம் குழி. அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டையை உட்புறம் மேலே பார்க்க ஒரு அடுக்கு. அது நனைந்தால் பஞ்சு மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதற்கு மேல் பாதி மேல்மண், பாதி மக்கிய மாட்டெரு. கன்றை வைத்து மூடி, சுற்றி நாலு விரல் உயரத்துக்குச் சருகு. தண்டில் முட்டாமல் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், முட்டினால் அழுகும்.

முதல் கோடைக்கு மட்டும் உங்கள் உதவி வேண்டும். ஆனால் தினமும் ஒரு கப் ஊற்றாதீர்கள். அப்படி ஊற்றினால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும். கிழமைக்கு இரண்டு தரம், ஒரு தரத்துக்கு ஒரு வாளி, மெதுவாக. அதுக்கும் நேரமில்லையா? பழைய மண் முட்டி ஒன்றைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, வாயை ஓட்டுத் துண்டால் இறுக்கி மூடிவிடுங்கள். முட்டிச் சுவர் வழியே தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும், வேர் தேடிப் போய் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். நான் ஒருமுறை மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒரு முட்டியைத் தோண்டி எடுத்தேன். வலை போட்டது மாதிரி வேர், முட்டியே தெரியவில்லை. பிரித்தெடுக்க மனம் வராமல் அப்படியே திரும்பப் புதைத்துவிட்டேன்.

நிலாவெளியில் கடலுக்கு 200 மீற்றரில் வீடு. கிணற்றுத் தண்ணீரும் கொஞ்சம் உவர். எது வைத்தாலும் இலை ஓரம் கருகுகிறது. வழி உண்டா?

கடற்கரையில் தானாக என்ன முளைத்துக் கிடக்கிறது என்று ஒரு பின்னேரம் நடந்து பாருங்கள். அதுதான் உங்கள் பட்டியல். அடம்பன், தாழை, புன்னை, பூவரசு, தென்னை. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று சும்மா சொல்லவில்லை. நிலத்தை மூடி மணல் பறக்காமல் பிடித்துக்கொள்ளும், ஊதாப் பூவும் பூக்கும். இதைக் காசு கொடுத்து வாங்குவதா என்று கேட்பார்கள், கேட்கட்டும்.

கடல் பக்கம் பூவரசங் கதிகால்களை (வேலிக்கு நடுகிற தடிகளை) வரிசையாக நட்டு ஒரு திரை போடுங்கள். மழைக்கு நட்டால் தழைத்துவிடும். அது உப்புக் காற்றை வாங்கிக்கொள்ள, அதற்கு உள்ளே போகன்விலா, நித்தியகல்யாணி, கற்றாழை எல்லாம் தைரியமாக வைக்கலாம். உவர்த் தண்ணீரை இலையில் தெளிக்காமல் அடியில் மட்டும் ஊற்றுங்கள். கோடையில் மண்ணில் சேர்கிற உப்பை மாரி மழை கழுவி இறக்கும். ரோசாவை மறந்துவிடுங்கள்.

கோட்டைக்குக் கிட்ட இருக்கிறோம். இராத்திரியில் மான் வந்து செவ்வரத்தை மொட்டு முழுக்கத் தின்றுவிட்டுப் போகிறது!

இந்தக் கேள்வி வேறு எந்த ஊர்க்காரருக்கும் வராது. பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்கு நிற்பது போலப் புள்ளிமான் நிற்கிற ஊரில் இருந்துகொண்டு முறையிட்டு என்ன பயன்! மானுக்குப் பிடிக்காதது முள், பால், கசப்பு. முன்பக்கம் போகன்விலாவும் கற்றாழையும் மருளும் வையுங்கள். பட்டிப்பூ என்று சொல்கிற நித்தியகல்யாணியையும் பெரும்பாலும் தொடாது. செவ்வரத்தையைப் பின் வளவுக்கு மாற்றுங்கள். ஆனால் ஆவணியில் காய்ந்து கிடக்கும்போது பசித்த மான் எதையும் ஒருதரம் கடித்துப் பார்க்கும். புதுக்கன்றுக்கு முதல் வருஷம் கம்பிவலைக் கூடு போடத்தான் வேண்டும். கட்டாக்காலி மாட்டுக்கும் இதே பதில். அதோடு படலையைச் சாத்த மறக்காதீர்கள்.

அலரி மான் தின்னாது, தண்ணீரும் கேட்காது என்று கன்று விற்பவர் சொல்கிறார். வைக்கலாமா? வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது.

சொன்னது உண்மை. ஆனாலும் வேண்டாம். செவ்வலரியில் எல்லாப் பாகமும் நஞ்சு. மஞ்சள் அலரிக் கொட்டை இன்னும் மோசம், இதயத்தையே பிடிக்கும். பிள்ளை வளரட்டும், அப்புறமும் யோசியுங்கள்.

கிண்ணியாவிலிருந்து எழுதுகிறேன். காணி இல்லை, வாசலில் சாடிகள்தான். டெங்குப் பயத்தில் எல்லாவற்றையும் எறிந்துவிடச் சொல்கிறார்கள் வீட்டில்.

2017இல் கிண்ணியா பட்ட பாட்டுக்குப் பிறகு அந்தப் பயம் நியாயமானதுதான் நானா. ஆனால் குற்றவாளி சாடி இல்லை, சாடிக்கு அடியில் வைக்கிற தட்டு. அதை எடுத்து எறியுங்கள். சாடியை இரண்டு செங்கல்லின் மேல் ஏற்றி வைத்தால் தண்ணீர் ஓடிப் போய்விடும். முட்டையிலிருந்து நுளம்பாகிப் பறக்க ஒரு கிழமையளவு போதும். முட்டை காய்ந்த சுவரிலேயே மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் பூவாளி, வாளி எல்லாவற்றையும் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரில் நிற்கிற மூங்கில் கன்று, இலை இடுக்கில் தண்ணீர் பிடிக்கிற அன்னாசி இனக் கன்றுகள் வேண்டாம். இளநீர்க் கோம்பையில் கன்று வைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

வாசலுக்கு அடேனியம், மருள், கற்றாழை, பத்துமணிப்பூ. எண்ணிக்கையைக் குறைத்துச் சாடியைப் பெரிதாக்குங்கள். சின்னச் சாடி பத்து மணிக்கே காய்ந்துவிடும்.

களை வராமல் பொலித்தீன் விரித்து மேலே சல்லிக்கல் போடலாமா?

என் மைத்துனர் போட்டார். முதல் வருஷம் படத்தில் பார்க்கிற மாதிரி இருந்தது. இரண்டாம் வருஷம் கல்லிடுக்கில் மணலும் சருகும் சேர்ந்து, அதிலேயே களை முளைத்தது, பிடுங்கினால் பொலித்தீனும் சேர்ந்து கிழிந்து வந்தது. மத்தியானத்தில் கல் சூடேறி விறாந்தையில் இருக்க முடியவில்லை. மழைத் தண்ணீர் இறங்காமல் வாசலுக்கு வந்தது. இப்போது அதை அள்ளி அகற்றக் கூலி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

என்ன பசளை வாங்க வேண்டும்?

நெருப்புப் பெட்டியை ஒளித்து வைத்தால் போதும். கூட்டிக் குவித்து எரிக்கிற சருகுதான் பசளை. ஒருநாள் மத்தியானம் சருகு போட்ட இடத்தில் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். வெளி மணல் கால் வைக்க முடியாமல் கொதிக்கும், சருகுக்கு அடியில் குளிர்மையாக, கறுப்பாக, ஒரு மண்புழுவும் நெளிந்துகொண்டிருக்கும். மாரி தொடங்கும்போது கன்றுக்கு ஒரு தாச்சி மக்கிய மாட்டெரு. வேறு ஒன்றும் வேண்டாம். பச்சைச் சாணத்தை அப்படியே போடாதீர்கள்.

நிழலுக்கு என்ன மரம்? சீக்கிரம் வளர வேண்டும். முருங்கை சரியா?

முருங்கை கறிக்குச் சரி, நிழலுக்கு இல்லை. சீக்கிரம் வளர்வது சீக்கிரம் முறியும். 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் நமக்கு வடக்கே கரையேறிய இரவு, எங்களுடைய முருங்கை பாதியில் முறிந்து தண்ணீர்த் தாங்கியின் மேல் விழுந்தது. தாங்கியும் போய், குழாயும் போய், விடியக் காலையில் நான் வாளியோடு நின்றேன். மரத்தில் பிழையில்லை, புரட்டாதியில் கிளை கழிக்காத என்னில்தான் பிழை.

வேம்பு வையுங்கள், வீட்டுச் சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி. முதல் மூன்று வருஷம் பொறுமை வேண்டும், அப்புறம் தண்ணீரே கேட்காது. இடம் குறைவென்றால் மாதுளை அல்லது தேசி.

நாங்கள் கனடாவில். மூதூரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவோம். என்ன வைத்தால் தானாக இருக்கும்?

வேலிக்குப் பூவரசும் சீமைக்கிளுவையும், உள்ளே இரண்டு வேம்பு. அவ்வளவுதான். தென்னை வைக்காதீர்கள், பூட்டின வீட்டில் தேங்காய் விழுந்து ஓடுதான் உடையும். பக்கத்து வீட்டுக்காரருக்கு வருஷத்தில் இரண்டு தரம் வளவு துப்புரவாக்கக் காசு கொடுங்கள். கன்றுக்குச் செலவழிப்பதைவிட அது பிரயோசனம்.

எல்லாரும் போகன்விலா போகன்விலா என்கிறார்கள். என்னுடையது இரண்டு வருஷமாகப் பச்சைப் பசேல் என்று இருக்கிறது, ஒரு பூ இல்லை. தினமும் காலை, மாலை தண்ணீர், மாதம் ஒருமுறை யூரியாவும் போடுகிறேன். (அலஸ்தோட்டம்)

கேள்வி கேட்ட இவ்வளவு பேரிலும் ஆகக் கூடுதலாக வேலை செய்கிறவர் நீங்கள்தான் தம்பி. போகன்விலா தண்ணீருக்குத் தவிக்கும்போதுதான் பூக்கும். நீங்கள் சோறும் கறியும் வேளாவேளைக்குக் கொடுக்க, அது இலை விட்டுக்கொண்டு சொகுசாக இருக்கிறது. யூரியாவை நிறுத்துங்கள். நீண்டு போன கொப்புகளை முழ அளவுக்கு வெட்டுங்கள். முழு வெயில் படாவிட்டால் மறைக்கிற கொப்பையும் கழியுங்கள். அப்புறம் மூன்று கிழமை அந்தப் பக்கமே போகாதீர்கள். இலை கொஞ்சம் வாடித் தொங்கும், பார்க்கப் பாவமாக இருக்கும். ஹோஸை வீட்டுக்குப் பின்னால் சுருட்டி வைத்துவிடுங்கள்.