வடசென்னையில் கடலோர வீட்டுக்கு எந்தத் தரைவிரிப்பு வாங்கலாம், எப்படிப் பராமரிப்பது?

கேட்டது: திருவொற்றியூரில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தரைத்தள வீடு. டைல்ஸ் போட்ட 10×12 அடி ஹால். தவழும் குழந்தை. கார்பெட் வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் தரையைச் சோதியுங்கள். ஒரு அடி சதுர பாலிதீன் தாளை, டைல்ஸ் இணைப்புக்கோடு நடுவில் வருகிற மாதிரி வைத்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பிரிக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தால் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தில் எதையும் நிரந்தரமாக விரித்து வைக்கக் கூடாது. இரவில் சுருட்டி வைக்கிற விரிப்புதான் சரி.

ஈரம் இல்லையென்றாலும், அடியில் பசை தடவிய கார்பெட் வேண்டாம். கடையில் பளபளப்பாக, மெத்தென்று இருப்பவற்றில் பெரும்பாலானவை துணியில் நூலைக் குத்தி, பின்னால் லேடெக்ஸ் பசை பூசி, அதன்மேல் இன்னொரு துணி ஒட்டியவை. நம் ஊர் புழுக்கத்தில் அந்தப் பசை சில வருடத்தில் பொடிந்து மாவாகக் கொட்டும். ஒருமுறை நனைந்தால் நாற்றம் போகவே போகாது. திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்: முன்பக்க டிசைன் பின்னாலும் அப்படியே தெரிந்தால் நெய்தது அல்லது முடிச்சுப் போட்டது, வெறும் துணி தெரிந்தால் ஒட்டியது. சணல் விரிப்பும் இங்கே வேண்டாம், ஈரம் குடித்துப் பூஞ்சை பிடிக்கும். விஸ்கோஸ் என்கிற மரக்கூழ் நூல், பட்டு மாதிரி மின்னும், ஆனால் தண்ணீர் பட்ட இடம் மஞ்சளித்துப் படுத்துவிடும்.

உங்கள் வீட்டுக்கு என் தேர்வு பருத்தி ஜமுக்காளம். சோபா சுவரோரம் இருக்குமென்றால் 6×9 அடி போதும். சோபாவின் முன்கால்கள் அதன்மேல் ஏறி நிற்கட்டும், விரிப்பு நகராது. பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, கைத்தறிக்கு என்று ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஜமுக்காளம் உண்டு. அப்படியும் விசைத்தறியில் ஓட்டிய சரக்கு அந்தப் பெயரில் வருகிறது. நூலாவது பருத்திதானா என்று தெரிய, ஓர நூல் ஒன்றைக் கேட்டு வாங்கிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை, மெல்லிய சாம்பல். செயற்கை நூல் உருகி, கெட்டியான மணியாகத் திரளும். கம்பளி என்று சொல்லி விற்பதற்கும் இதே சோதனைதான்: முடி பொசுங்கும் வாடை வர வேண்டும். சாயத்துக்கு, ஈர வெள்ளைத் துணியால் சிவப்பு, கறுப்புப் பட்டைகளில் இருபது தடவை தேயுங்கள். நிறம் அப்பினால் குழந்தை வாயில் வைக்கிற வீட்டுக்கு அது ஆகாது.

டைல்ஸில் ஜமுக்காளம் வழுக்கும், பெரியவர்கள் விழுவார்கள். அடியில் ரப்பர் வலை போடுங்கள். மலிவான பிளாஸ்டிக் நுரை வலை வெயில் காலத்தில் தரையோடு ஒட்டிக்கொள்ளும். எந்த வலையானாலும் வாரம் ஒருமுறை தூக்கித் தரையைக் காயவிட வேண்டும்.

இங்கே விரிப்பைக் கொல்வது மணலும் உப்பும். மணல் நூலின் அடியில் இறங்கி, மிதிக்க மிதிக்க அறுக்கும். அதனால் வாரம் இரண்டு முறை வெளியே எடுத்து, பின்பக்கம் மேலாக வைத்துத் தட்டுங்கள். மணலி, எண்ணூர்ப் பக்கத்துக் கரித்தூளும் போகிப் புகைக்கரியும் படிந்தால் ஈரத்துணி போடவே கூடாது, கரி உள்ளே இறங்கிவிடும். உலர்ந்தபடியே உதறுங்கள், இல்லை வேக்குவம் போடுங்கள். போகியன்று விடியற்காலைக்கு முன்பே சுருட்டி உள்ளே வைப்பது நல்லது.

துவைக்கும்போது பலரும் தவறுவது கடைசி அலசலில். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. அந்த உப்பு நூலில் தங்கிக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், விரிப்பு எப்போதும் பிசுபிசுக்கும். போர் தண்ணீரில் துவைத்தாலும் கடைசி இரண்டு அலசல் மெட்ரோ வாட்டரில் இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீர், திரவ சோப்பு, பத்து நிமிட ஊறல், அவ்வளவுதான். முறுக்காதீர்கள். நனைந்த ஜமுக்காளத்தை ஒரே கொடியில் போட்டால் கனத்தில் நடுவில் இழுபட்டுக் கோணிவிடும். இணையாகக் கட்டிய இரண்டு கொடிகளில் பரப்பி, பின்பக்கம் வெயிலைப் பார்க்கப் போடுங்கள். மாசி முதல் வைகாசி வரை காலையில் போட்டால் சாயங்காலத்துக்குள் காயும்.

கறைகள். எது கொட்டினாலும் தேய்க்காமல் வெள்ளைத் துணியால் ஒற்றுங்கள், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. மீன்குழம்பு எண்ணெய்மேல் சோள மாவு தூவி அரைமணி நேரம் விட்டு, துடைத்தெடுத்த பிறகு சோப்பு. மஞ்சள் கறையில் சோப்பு பட்டால் சிவக்கும், பயப்படாதீர்கள். அலசி வெயிலில் போட்டால் மஞ்சள் தானாக வெளுக்கும். குழந்தை சிறுநீருக்கு ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீர். ஒற்றி, இருபக்கமும் ஃபேன் காற்றில் காயவிடுங்கள். உப்புக்காற்றில் சோபாவின் இரும்புக்கால் துருப்பிடித்துக் கறை வைக்கும். காலுக்கு ரப்பர் புஷ் மாட்டுங்கள். கறை வந்துவிட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசலாம், முதலில் ஒரு மூலையில் சோதித்துவிட்டு. பிளீச் மட்டும் ஊற்றாதீர்கள், துரு இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

ஐப்பசி அடைமழைக்கு முன்பே நன்றாகக் காயவைத்து, மடிக்காமல் சுருட்டி, பழைய பருத்திப் புடவையில் சுற்றி, தரைத்தளம் என்பதால் பரண்மேல் ஏற்றுங்கள். பாலிதீனில் சுற்றினால் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பூக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள் வந்ததே, அப்படிப்பட்ட தண்ணீரில் நனைந்த விரிப்பைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். தவழும் குழந்தை இருக்கிற வீடு, தூக்கிப் போட்டுவிடுங்கள்.