கிணத்துல சாக்கடை, யாருமே சொல்லல, கேஸ் போடலாமா?

காட்பாடி பக்கத்துல இருந்து தென்னந்தோப்பு வச்சிருக்கிற ஒருத்தர் எழுதிருக்கார். போன ஐப்பசி மழையில கரண்ட் போன ராத்திரி பாதாள சாக்கடை பம்பிங் ஸ்டேஷன் பொங்கி ஏரிக்கால்வாயில கலந்து, இவர் கிணறு கெட்டுப்போச்சு. முன்கூட்டியே யாரும் தகவல் சொல்லல, கேக்கப்போனா இன்ஜினியர் மரியாதை இல்லாம பேசினார், கவுன்சிலர் போனே எடுக்கலைன்னு மூணு பக்கம்.

சார், இன்ஜினியர் பேசுனது கவுன்சிலர் எடுக்காதது ரெண்டையும் விட்டுடுங்க, கோர்ட்டுக்கு அது வேண்டாம். "எங்களுக்கு ஏன் சொல்லல"ங்கறதும் நீங்க நெனைக்கிற மாதிரி நிக்காது. 1974 தண்ணீர் சட்டம் 31வது பிரிவு, எதிர்பாராம கழிவு வெளிய போனா உடனே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்கணும்னு சொல்லுது, சாக்கடை நடத்துற உள்ளாட்சிக்கும் அது பொருந்தும், ஆனா பக்கத்து தோப்புக்காரருக்குச் சொல்லணும்னு அதுல இல்ல. அதனால கேக்க வேண்டியது ஒண்ணுதான், அந்த ராத்திரி வாரியத்துக்குத் தகவல் போச்சா? ஆர்டிஐ போடுங்க. ஏன் எதுக்குன்னு கேக்காதீங்க, அந்தத் தேதிக்கு பம்ப் லாக் புக், ஜெனரேட்டர் டீசல் ரெஜிஸ்டர், வாரியத்துக்கு அனுப்புன கடிதம் நகல் மட்டும் கேளுங்க.

இப்போ நான் பயப்படுற இடத்துக்கு வரேன். உங்க கலெக்டர் மனுவுல "மூணு வருஷமா இப்படித்தான் ஓடுது"ன்னு எழுதிருக்கீங்க. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கு, அதுக்கான சட்டத்தோட 14வது பிரிவுல போகணும்னா பிரச்சனை முதல்ல வந்த நாள்ல இருந்து 6 மாசம்தான், தக்க காரணம் காட்டுனா இன்னும் 60 நாள், அதுக்கு மேல அவங்களே நெனச்சாலும் எடுக்க முடியாது. என்கிட்ட கேஸ் குடுத்த ஒரு கிளையன்ட் இதே மாதிரி கோவத்துல "பல வருஷமா"ன்னு எழுதிக் குடுத்த மனுவையே எதிர்ப்பக்கம் எடுத்து நீட்டினாங்க, அப்புறம் அந்த நாளைத் தாண்டி எங்களால பேசவே முடியல. திங்கக்கிழமை திங்கக்கிழமை மனு குடுத்துக்கிட்டே இருந்தா நாள் நிக்காது, அது பாட்டுக்கு ஓடும். பாலாத்துல தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததுக்காக 1996ல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்பு, கெடுத்தவன்தான் காசு கட்டணும்னு சொன்னது, எல்லாரும் அதைத்தான் தூக்கிட்டு வராங்க, லேட்டா வந்த மனுவ அது காப்பாத்தாது.

பொய் எழுதச் சொல்லல. முன்னாடி மழைத்தண்ணியோட நாத்தம் வந்தது வேற, பம்ப் நின்னு பொங்குனது வேற, தேதி வாரியா பிரிச்சு எழுதுங்க. நெஜமாவே மூணு வருஷமா நிக்காம ஓடுதுன்னா அதையே சொல்லுங்க, ஆனா அப்போ 15வது பிரிவுல நஷ்டஈடு, கிணத்தை பழையபடி சீராக்குறதுன்னு கேக்கணும், அதுக்கு 5 வருஷம் இருக்கு. நீங்களே பாட்டில்ல புடிச்சு பிரைவேட் லேப்ல குடுத்த ரிப்போர்ட்டை நம்பி இருக்காதீங்க, வாரியத்துக்காரங்க முறைப்படி எடுத்து சீல் வச்ச சாம்பிள்தான் பலமா நிக்கும், வாரியத்தோட மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் (டிஇஇ) ஆபீஸ்ல இன்னிக்கே எழுதிக் குடுங்க.

இன்னொண்ணு, உங்க வீட்டு டாய்லெட் குழாய் எங்க போகுது? அதே கால்வாய்க்குத்தான்னா முதல்ல அதை அடைங்க, பதில் மனுவுல முதல் வரியே அதுதான் வரும்.

என் கருத்தைக் கேட்டா, மாநகராட்சி கமிஷனர் கிணத்தைத் தூர்வாரி, அதுவரைக்கும் லாரித்தண்ணி விட்டு, பம்புக்கு ஜெனரேட்டர் வச்சுத் தரேன்னா ஒத்துக்குங்க. வாய்ப்பேச்சு வேணாம், கமிஷனர் கையெழுத்தோட, தேதி போட்டு எழுதி வாங்குங்க. ஆனா "எல்லாம் திருப்தி"ன்னு எழுதுன பேப்பர்ல கிணத்துத்தண்ணி டெஸ்ட் ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி கையெழுத்து போடாதீங்க, பேசிட்டு இருக்காங்கன்னு சித்திரையத் தாண்டவும் விடாதீங்க, ஐப்பசியில இருந்து அந்த 6 மாசம் அங்கதான் முடியுது.