லெப்டின் கூடியிருக்கிறது, மாரடைப்பு வருமா?

கேள்வி: எனக்கு வயது 46. அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. அந்தப் பயத்தில் முழு உடல் பரிசோதனை செய்தேன். லெப்டின் அதிகம், அடிபோனெக்டின் குறைவு என்று வந்திருக்கிறது. உயரம் 168 செ.மீ., எடை 71 கிலோ. தொப்பை கொஞ்சம் உண்டு, மற்றபடி குண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கும் மாரடைப்பு வருமா? இந்த ஹார்மோன்களைச் சரிசெய்ய மாத்திரை உண்டா? மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டுமா?

பதில்: அந்த இரண்டு எண்களை வைத்து மட்டும் உங்களுக்கு மாரடைப்பு வரும் என்றோ வராது என்றோ யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நீங்கள் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் இரண்டு விஷயங்கள், அப்பாவின் 52 வயதும் உங்கள் தொப்பையும், எனக்கு அந்த எண்களைவிட முக்கியமாகப் படுகின்றன.

கொழுப்பு என்றால் உடல் சேர்த்துவைக்கும் வெறும் இருப்பு என்றுதான் ரொம்ப காலம் நினைத்திருந்தோம். 1994-இல் லெப்டின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்த எண்ணம் மாறியது. கொழுப்புத் திசுவும் ஒரு சுரப்பிதான். ‘இருப்பு போதும், பசியைக் குறை’ என்று மூளைக்குச் சேதி அனுப்புவது லெப்டின். கொழுப்பு கூடக்கூட அதுவும் கூடும். ஒரு கட்டத்தில் மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. அடிபோனெக்டின் இதற்கு நேர்மாறு. வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சுற்றிக் கொழுப்பு சேரச்சேர, அது குறைகிறது. இன்சுலின் நன்றாக வேலை செய்யவும் ரத்தக்குழாயின் உட்சுவர் அழற்சியில்லாமல் இருக்கவும் உதவுகிற ஹார்மோன் அது. ஆக, உங்கள் ரிப்போர்ட் பொய் சொல்லவில்லை. வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கலாம் என்கிறது, அவ்வளவுதான்.

பிறகு ஏன் இதய மருத்துவர்கள் இதை வழக்கமாக எழுதித் தருவதில்லை? லெப்டின் பெண்களுக்கு இயல்பாகவே அதிகம். இரவில் ஏறும், சில நாள் சாப்பாட்டைக் குறைத்தாலே சரசரவென்று இறங்கும். உடலில் உள்ள கொழுப்பின் அளவைக் கணக்கில் எடுத்துவிட்டால், அது புதிதாகச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. அடிபோனெக்டின் கதை இன்னும் குழப்பமானது. நடுவயதில் அது கூடுதலாக இருந்தால் நல்லது என்கிறோம். ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் அது கூடுதலாக இருப்பவர்களுக்குத்தான் இறப்பு அதிகம். மரபணு காரணமாகப் பிறவியிலேயே அது கூடுதலாக உள்ளவர்களை ஆராய்ந்து பார்த்தும், அவர்களுக்கு இதயநோய் குறைவு என்று தெளிவாகத் தெரியவில்லை. புகையைப் பார்த்தால் எங்கோ நெருப்பு இருக்கிறது என்று புரியும், ஆனால் புகையை விரட்டினால் நெருப்பு அணையாது இல்லையா?

மாத்திரை பற்றிக் கேட்டதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. சர்க்கரை நோய்க்குத் தரும் பயோகிளிட்டசோன் அடிபோனெக்டினை நன்றாகவே உயர்த்தும். ஆனால் அதே மருந்து உடலில் நீர் கோக்க வைத்து, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு நிலைமையை மோசமாக்கும். எண்ணைச் சரிசெய்வதற்காக மருந்து சாப்பிடக் கூடாது.

இப்போது தொப்பைக்கு வருகிறேன். என்னிடம் வருகிறவர்களிடம் இடுப்புச் சுற்றளவு கேட்டால், பேண்ட் அளவைச் சொல்வார்கள். ஒருவர் 34 அங்குலம் என்றார். அவர் பெல்ட் தொப்பைக்குக் கீழே சரிந்து கிடந்தது. நானே டேப் வைத்துப் பார்த்தேன், 39 இருந்தது. கை கால் எல்லாம் ஒல்லிதான். எடையைப் பார்த்து ஏமாறுவது இப்படித்தான். நீங்கள் வீட்டிலேயே அளக்கலாம். சட்டையைக் கழற்றிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பை வையுங்கள். இயல்பாக மூச்சை விட்ட பிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும், அதாவது உங்களுக்கு 84 செ.மீ.

அப்புறம் அப்பா விஷயம். தந்தைக்கோ சகோதரனுக்கோ 55 வயதுக்கு முன்பு மாரடைப்பு வந்திருந்தால், அதை நாங்கள் தனியாகக் கணக்கில் சேர்ப்போம். அதனால் ரத்த அழுத்தம், எல்.டி.எல். உள்ளிட்ட கொழுப்புப் பரிசோதனை, மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஆகியவற்றைப் பாருங்கள். ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் ஒருவகைத் துகளான லைப்போபுரோட்டீன்-ஏ எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறை செய்தால் போதும். அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, அப்பாவுக்கு ஏன் வந்தது என்பதற்குக்கூட அதில் பதில் இருக்கலாம். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்; கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவையா என்று அவர் முடிவு செய்வார். புகைபிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவர் என்றால், இந்தப் பட்டியலில் முதல் வேலை அதை விடுவதுதான்.

வாரத்துக்கு 150 நிமிடம் வேகநடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி, எடையில் நாலைந்து கிலோ குறைவு. இவை நடந்தால் வயிற்றுக் கொழுப்பு முதலில் கரையத் தொடங்கும். லெப்டினும் தானே இறங்கும்.

மூன்று மாதம் கழித்து அந்த ஹார்மோன் பரிசோதனை வேண்டாம். டேப்பை மட்டும் அதே இடத்தில் வைத்து அளந்து, இரண்டு அளவையும் எனக்கு எழுதுங்கள். இடையில் மாடி ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ வந்தால் மட்டும் எழுதிக்கொண்டிருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.