‘எப்பம்மா வருவே?’ என்பதைக் கடைசியில் கேளுங்கள்

கேள்வி: எனக்கு 64 வயது. குடியாத்தத்தில் இருக்கிறேன். தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. ஒரே மகள், வயது 35, நர்ஸ். மூன்று வருடமாக உகாண்டாவின் வடமேற்கில், ஆருவா பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்கிறாள். இப்போது இரண்டு மாத விடுப்பில் வந்திருக்கிறாள். மறுபடியும் போய் நான்கு வருடம் இருப்பேன் என்கிறாள். சபையில் எல்லாரும் என்னைப் பாக்கியவதி என்கிறார்கள். சிரித்துக்கொண்டு நிற்கிறேன். அவள் அங்கே இருக்கும் நாட்களில் அவளுடைய பீரோவைத் திறக்கக்கூட எனக்கு மனம் வராது. அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது கன்வென்ஷன் பந்தலில் எழுந்து நின்று, ‘இவளை உமக்கே தருகிறேன்’ என்று பொருத்தனை செய்தவளும் நான்தான். இப்போது ஆண்டவர் மேலேயே கோபம் வருகிறது. போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. எனக்குச் சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று உறவுக்காரர்கள் பேச்சு வேறு. நான் அவிசுவாசியா? திரும்பி வா என்று சொல்லலாமா? ஒருமுறை போய்ப் பார்க்க முடியுமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் அவிசுவாசி இல்லை. சங்கீதக்காரன் ‘ஏன் என்னைக் கைவிட்டீர்’ என்று கேட்டதற்காக அவன் பாட்டை யாரும் வேதத்திலிருந்து கிழித்துவிடவில்லை. கோபத்தை ஜெபத்தில் அப்படியே சொல்லுங்கள். அதற்கு அழகான வார்த்தை தேட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஒரே பாரம் போலத் தெரிவது உண்மையில் நாலைந்து பாரங்கள். மகளைப் பார்க்காத ஏக்கம், அங்கே அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம், கணவர் போனபின் வீட்டில் விழுந்த வெறுமை, உறவுக்காரர் முன் வரும் கூச்சம், ‘நானேதானே கொடுத்தேன்’ என்ற குத்தல். எல்லாமே போன் பேசும் அந்தப் பத்து நிமிஷத்தில் மகள் தலையில் இறங்குகிறது. ஒன்றைக் கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறோம்: மகள் நாளைக்கே திரும்பி வந்தாலும் கணவர் விட்டுப்போன இடம் நிரம்பாது. அதை அவளுடைய கணக்கில் எழுதாதீர்கள்.

பொருத்தனை என்றதும் நம் சபைகளில் சாமுவேலின் தாய் அன்னாளைத்தான் காட்டுவார்கள். சாமுவேலைக் கொண்டுபோய் ஆலயத்தில் விட்டதோடு பிரசங்கம் முடிந்துவிடும். 1 சாமுவேல் 2:19 வரை வாசித்தால், அவள் வருஷத்துக்கு ஒரு சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போனாள் என்று இருக்கிறது. கண்ணெதிரே இல்லாத பிள்ளை இந்த வருஷம் எத்தனை விரல் வளர்ந்திருப்பான் என்று கணக்குப் போட்டுத் தைத்தவள், அவனை மறந்துவிட்டவளாக இருந்திருக்க முடியாது. கொடுத்தபின் ஏங்கக்கூடாது என்று அவளுக்கு யாரும் சட்டம் போடவுமில்லை.

பாக்கியவதி என்ற பட்டத்தைப் பற்றி. சபையார் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டம் வந்தபின் அழ இடமில்லாமல் போகிறது. மிஷனரி ஞாயிறு அன்று சாட்சி சொல்லக் கூப்பிட்டால், ‘இந்த வருஷம் வேண்டாம் ஐயா’ என்று ஆயரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எல்லாரிடமும் மனதைத் திறக்க வேண்டியதில்லை. இரண்டு பேர் போதும், அதில் ஒருவராவது பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியவராக இருக்கட்டும். பிள்ளை துபாயில் சம்பளத்துக்குப் போயிருந்தாலும் தாயின் ஏக்கம் ஒன்றுதான். வித்தியாசம், அந்தத் தாய் வாய்விட்டுக் குறைப்பட்டுக்கொள்ளலாம், உங்களுக்கு அந்தச் சலுகையைச் சபை தரவில்லை.

அடுத்து, திரும்பி வா என்று சொல்லலாமா? ‘எனக்கு நீ இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது’ என்று சொல்லலாம். சொல்லத்தான் வேண்டும். ‘நீ போனால் எனக்கு பிரஷர் ஏறிச் செத்துப்போவேன்’ என்று சொல்லாதீர்கள். முதலாவது உங்கள் மனது, இரண்டாவது அவள் கழுத்தில் போடும் சுருக்கு. அதற்காக எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ளவும் வேண்டாம். மாற்கு 7-ஆம் அதிகாரத்தில், ‘இது தேவனுக்குக் கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்தார். ஊழியம் என்ற சொல்லால் எல்லாக் கடமையும் தள்ளுபடி ஆவதில்லை. அவரே சிலுவையில் தொங்கிக்கொண்டு தம் தாயை யோவானிடம் ஒப்படைத்தார். யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் போனார்.

நம் வேலூர்ப் பக்கத்துக் கதையே இதற்குச் சாட்சி. ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்து, பின்னாளில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடர் என்றால், ஒரே இரவில் மூன்று பேர் பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு வந்து கதவு தட்டிய நிகழ்ச்சியை நம் ஊர் ஞாயிறு பள்ளிப் பிள்ளை கூடச் சொல்லும். அந்த வீட்டில் அன்றைக்கு அவர் ஏன் இருந்தார் என்று யாரும் சொல்வதில்லை. 1890-ல் அவர் அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்தபோது ஊழியம் செய்யும் எண்ணமே அவருக்கு இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வந்தவர். மகள் இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு வந்தால் நீங்கள் இந்தப் பாதியைச் சொல்லலாம்.

ஆகவே, இந்த இரண்டு மாதத்துக்குள் ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் ஒரு நோட்டோடு உட்காருங்கள். அழுகை வந்தால் வரட்டும், எழுதுவதை நிறுத்த வேண்டாம். எந்தெந்த நிலையில் அவள் கட்டாயம் கிளம்பி வரவேண்டும் என்று முதலில் எழுதுங்கள்: ஐ.சி.யூ.வில் சேர்த்தால், பெரிய ஆபரேஷன் என்றால், இப்படி. அந்தப் பயணத்துக்கான டிக்கெட் பணத்தை யார் தருவார்கள் என்பதை அவளை அனுப்பிய மிஷன் சங்கத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஆருவாவிலிருந்து கம்பாலா ஏறக்குறைய 500 கிலோமீட்டர். அதற்கப்பால் என்டபே விமான நிலையம், வழியில் ஒரு விமானம் மாறி சென்னை, அங்கிருந்து குடியாத்தம். எவ்வளவு அவசரமாகக் கிளம்பினாலும் இரண்டு நாள் ஆகும்.

அதனால்தான் யாரும் பேசத் துணியாத கேள்வியையும் பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் இறந்துபோனால் அடக்கத்தை அவள் வரும்வரை நிறுத்துவதா? நம் பக்கம் மறுநாளே எடுத்துவிடுவார்கள். நிறுத்துவதென்றால் வீட்டில் ஃப்ரீசர் பாக்ஸ் வைத்துக் காத்திருக்க வேண்டும், அல்லது ஆஸ்பத்திரி பிணவறையில் வைக்க வேண்டும். முடிவு எதுவானாலும் ஆயருக்கும் உங்கள் தம்பி, அண்ணன் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரிந்திருக்கட்டும். பேசாமல் விட்டால், பத்து பேர் பத்து விதமாகக் கத்தும் வீட்டில் அவள் போனைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பாள்.

முழங்காலுக்கு ஆபரேஷன் என்று டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தால் தேதியை அவள் விடுப்போடு சேர்த்துப் போடுங்கள். மாற்று மூட்டு வைத்தால் ஆறு வாரமாவது வீட்டில் ஒரு ஆள் துணை வேண்டும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி அதிகமாக இருந்தால் டாக்டர்கள் தேதியைத் தள்ளிவைப்பார்கள். ஆகவே இந்த விடுப்புக்குள் முடியாமல் போகலாம். அப்படியானால் அடுத்த விடுப்புக்கு இப்போதிலிருந்தே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. அவள் இங்கே இருக்கும்போதோ, நீங்கள் அங்கே போய்வந்த பிறகோ, யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ‘உகாண்டாவிலிருந்து வந்தவர்’ என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அங்குள்ள மலேரியா பெரும்பாலும் ஃபால்சிபாரம், மூளையைத் தாக்கும் வகை. இங்கே காய்ச்சல் என்றால் டெங்கு, டைபாய்டு என்றுதான் முதலில் தேடுவார்கள். அன்றைக்கே மலேரியாவுக்கு இரத்தம் பார்க்க வேண்டும். வந்து ஒரு மாதம் கழித்து வந்த காய்ச்சலுக்கும் இது பொருந்தும். அவள் நர்ஸ்தான், ஆனால் தனக்கு வந்ததைச் சாதாரணக் காய்ச்சல் என்று தள்ளிப்போடுவதில் நர்ஸுகளை மிஞ்ச ஆளில்லை.

போன் சண்டை. உகாண்டா நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். நீங்கள் விடியற்காலை ஜெபம் முடித்து ஐந்தரைக்குக் கூப்பிட்டால் அங்கே மூன்று மணி. தூக்கத்தில் எழுந்தவளிடம் சண்டை வராமல் வேறென்ன வரும்? இரவு ஒன்பது மணிக்குப் பேசுங்கள், அங்கே ஆறரை. வாரத்தில் இரண்டு நாள் நிச்சயமாக வைத்துக்கொள்ளுங்கள், தினமும் வேண்டாம். தினமும் என்றால் ஒரு நாள் நெட்வொர்க் போனாலும் உங்களுக்கு நெஞ்சு அடைக்கும். குறித்த நாளில் அழைப்பு வராவிட்டால் 24 மணி நேரம் காத்திருப்பது, அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் இன்னாரைக் கூப்பிடுவது என்று இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்த இன்னாரின் எண் உங்கள் போனில் மட்டும் இல்லாமல் காலண்டர் அட்டையின் பின்னாலும் இருக்கட்டும்.

‘எப்பம்மா வருவே?’ என்பதை எடுத்தவுடனே கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது. பதில் இல்லாத கேள்வியோடு தொடங்கும் பேச்சு எரிச்சலில்தான் போய் நிற்கும். வார்டில் இன்று எத்தனை பிரசவம், மட்டோக்கே என்கிற அந்த வாழைக்காய்க் களியை எப்படிச் சமைக்கிறாள், உடன் வேலை செய்பவர்கள் பெயர் என்ன என்று கேளுங்கள். பெயர்கள் தெரிந்தால் அவள் இருக்கும் இடம் உங்கள் மனதில் ஒரு ஊராக மாறும். வெறும் தூரமாக இருக்கும்வரைதான் பயம் பெரிது. ஜெபக் கடிதத்தில் வருவது சபைக்கான செய்தி. அதற்கு மேல் உங்களுக்கு மட்டும் வாரம் ஒரு ஆடியோ அனுப்பச் சொல்லுங்கள்.

கல்யாணப் பேச்சுக்கு இரண்டு வரி போதும். அவள் மனது என்ன என்று நேரில் ஒருமுறை கேளுங்கள், பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள். உறவுக்காரரிடம், ‘அவளிடமே கேளுங்கள், நம்பர் தரட்டுமா?’ என்று சொல்லிப்பாருங்கள். பாதிப்பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

காகித வேலையையும் அவள் கிளம்புமுன் முடியுங்கள். வேலைக்காக வெளிநாடு போனவர் தம் சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி வங்கியில் தெரிவிக்க வேண்டும். மூன்று வருடமாகச் செய்யவில்லை என்றால் இப்போது செய்யட்டும். வங்கி ஓ.டி.பி. வரும் அவளுடைய இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் விடாதீர்கள். மூன்று மாதம் பயன்பாடு இல்லாத எண்ணை நிறுவனம் துண்டித்துவிட முடியும், பின்னால் அது வேறொருவருக்குப் போய்விடலாம், பிறகு கணக்கைத் திறக்கவே அலைய வேண்டும். வீடு, நிலம் அவள் பெயரில் இருந்தால் பொது அதிகாரப் பத்திரத்தை இங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். அங்கிருந்து அனுப்புவதென்றால் கம்பாலாவிலுள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட வேண்டும், பத்திரம் இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்த வேண்டும். இந்த மூன்று மாதத்தைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

போய்ப் பார்க்க முடியுமா? முடியும், போகவும் வேண்டும். விசா இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், பிறகு ஆயுளுக்கும் போதும். ஆனால் 60 வயதுக்கு மேல் முதல்முறையாகப் போடுகிறவர்களுக்கு, அரிதாகத்தான் என்றாலும், கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். உங்களுக்கு 64. ஆகவே சர்க்கரை மாத்திரைச் சீட்டு, முட்டை ஒவ்வாமை உண்டா என்ற விவரம் எல்லாவற்றோடும் உங்கள் டாக்டரிடம் முதலில் பேசுங்கள். அவர் வேண்டாம் என்றால், டிக்கெட் போடுமுன் தெரிந்துகொள்வது நல்லது. மலேரியா தடுப்பு மாத்திரையையும் அவரிடமே கேளுங்கள். டாக்சிசைக்ளின் என்றால் தினம் ஒன்று, ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம். வந்துவிட்டோமே என்று நிறுத்திவிடுவதுதான் பொதுவான தப்பு.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அந்தப் பக்கம் மழை குறைவு. கிறிஸ்மஸ் வாரத்தில் டிக்கெட் விலை ஏறிவிடும், ஜனவரி நடுவில் போங்கள். இறங்கியவுடன் 500 கிலோமீட்டர் பஸ்ஸில் உட்காராதீர்கள், உங்கள் முழங்கால் தாங்காது. கம்பாலாவில் ஒரு நாள் படுத்து எழுந்து கிளம்புங்கள். மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் நீங்கள் விருந்தாளி, அவள் வேலையை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்துக்கொள்வாள். அவள் நிஜமாக எப்படி வாழ்கிறாள் என்பது இரண்டாவது வாரத்தில்தான் தெரியும்.

இட்லிப்பொடி, பருப்புப்பொடி எடுத்துப் போவதாக இருந்தால் தேங்காய் சேர்க்காமல் அரைத்து, முழுசாக ஆறிய பிறகு கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். ஊறுகாய் வேண்டாம், எண்ணெய் கசிந்து பெட்டி முழுக்க நாறும். தபாலில் அனுப்பலாம் என்று நினைத்தால், அங்கே வீட்டுக்கு வீடு தபால்காரர் வருவது கிடையாது. தபால் பெட்டி எண்ணுக்குத்தான் போகும், ஊருக்குள் போகிறவர் யாராவது எடுத்துவர வேண்டும். கையில் கொண்டுபோவதே மேல். இரண்டு பருத்திச் சுடிதார் தைத்து எடுத்துப் போங்கள். டெய்லரிடம் பழைய அளவைக் கொடுக்காதீர்கள், மூன்று வருடத்தில் இளைத்திருப்பாள். இந்த வாரமே கூட்டிக்கொண்டு போய்ப் புது அளவு எடுங்கள்.