செம்பனை நிழலில் குதிரை வளருமா?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் செம்பனை நிலம் இருக்கிறது. பந்தயத்திலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட குதிரை ஒன்றை மலிவாக வாங்கித் தருவதாக ஈப்போ நண்பர் சொல்கிறார். என் மகளுக்குக் குதிரை என்றால் உயிர். பக்கத்து நிலத்தில் மாடுகள் மேய்கின்றன. அவற்றோடு சேர்த்தே வளர்த்துவிடலாமா?

பதில்: மகளின் ஆசை நியாயமானது. ஆனால் மாடு வளர்த்த பழக்கத்தை நம்பிக் குதிரை வாங்குவதில்தான் தவறு தொடங்குகிறது. குதிரைக்கு அசைபோடும் வயிறு இல்லை. உடம்பின் அளவுக்கு அதன் இரைப்பை மிகச் சிறியது என்பதால், அது நாள் முழுவதும் சிறிது சிறிதாக மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும். தின்றது ஒத்துக்கொள்ளாவிட்டால் வாந்தி எடுக்கவும் அதனால் இயலாது. ஆகவே மாட்டுக்கு ஒரு நாள் மந்தத்தோடு போய்விடும் வயிற்றுக்கோளாறு குதிரைக்கு உயிரைப் பறிக்கும் வலியாக முற்றிவிடலாம். ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள பந்தயக் குதிரைக்கு, ஈரம் நீக்கிய கணக்கில், நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ வரை புல் தேவை. செம்பனை நிழலில் முளைக்கும் புல் இதற்குப் போதாது; களைக்கொல்லி தெளித்த நிலமாக இருந்தால் குதிரையை அங்கே அவிழ்த்துவிடவே கூடாது.

புல்லை வெளியிலிருந்து அறுத்துப் போடலாமே என்பீர்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மாட்டுக்காக நம் மலேசியாவில் விரும்பி நடப்படும் செட்டேரியா புல்லில் ஆக்ஸாலேட் என்னும் பொருள் மிகுதி. நேப்பியர் புல்லிலும் அது உண்டு. மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகின்றன. குதிரையின் குடலிலோ அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், மாதக்கணக்கில் அந்தப் புல்லையே தின்னும் குதிரை தன் எலும்பைக் கரைத்துத்தான் உடலை நடத்த வேண்டியிருக்கிறது. நாளடைவில் முகவெலும்பு புடைத்து, நடை நொண்டத் தொடங்கும்.

பக்கத்து மாடுகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 1880-இல் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர் பஞ்சாபில் குதிரைகளின் இரத்தத்தில் கண்ட ஒட்டுண்ணியால் வருவது சுர்ரா என்னும் நோய். கடிக்கும் பெரிய ஈக்கள் அதைப் பரப்புகின்றன. நம் நாட்டிலும் அது இருக்கிறது. மாடும் எருமையும் பெரும்பாலும் வெளியே தெரியாமல் அதைச் சுமந்து திரியும், குதிரையோ காய்ச்சலில் மெலிந்து செத்துப்போகும். சேர்த்துக் கட்டுவதென்ற பேச்சுக்கே இடமில்லை.

எல்லாவற்றையும்விடக் கொடியது நம் புழுக்கம். இங்கே ஓடும் குதிரைகளில் பல ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. குதிரை நம்மைப்போலவே வியர்த்துத்தான் உடலைக் குளிர்விக்கிறது. ஈரக்காற்றில் வியர்வை உலராமல் போக, சில குதிரைகளுக்கு நாளடைவில் வியர்ப்பதே நின்றுவிடும். வெயிலில் ஓடிவந்த குதிரையின் தோல் காய்ந்து கிடக்க, மூக்குத்துளை விரிந்து மூச்சு இரைத்தால் ஆபத்து என்று பொருள். உடனே நிழலில் நிறுத்தி, குளிர்ந்த நீரை உடம்பெங்கும் விடாமல் ஊற்ற வேண்டும்.

பந்தய லாயத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். ஒருமுறை அவர் குதிரையின் பின்னங்காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்து, குளம்பின் அடியில் ரப்பர் கட்டிபோல் இருக்கும் முக்கோணச் சதையின் ஓரத்துச் சேற்றைக் கொக்கியால் கீறி எடுத்து, முகர்ந்து பார்த்தார். “நாத்தம் அடிச்சா உள்ளே அழுகுதுன்னு அர்த்தம் தம்பி, மழைக்காலத்துல தினம் பாக்கணும்” என்றார். பிறகு மேலுதட்டைத் தூக்கி ஈறில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவந்ததும், இரத்த ஓட்டம் சரி என்பதுபோல் தலையசைத்தார். அவர் பார்த்த அந்தப் பார்வையைத் தினமும் பார்க்க உங்கள் வீட்டில் ஆள் உண்டா?

அக்கறை இல்லாமல் குதிரை வாங்குவது தமிழருக்குப் புதிதும் இல்லை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் கப்பலில் ஏராளமான குதிரைகள் வந்து இறங்கியும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாததால் அவை மடிந்துபோகின்றன என்றும், அவற்றுக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்றும் குறிப்பிடுகிறார். கப்பல் வணிகருக்கு அதனால் ஒரு குறையும் வந்திருக்காது.

ஆகவே வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பணத்தில் மகளைச் சவாரி கற்றுத்தரும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். முதல் ஆறு மாதம் சாணம் அள்ளியும் குளம்பு சுரண்டியும் சலிக்காமல் இருந்தால், மேற்கொண்டு பேசலாம்.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கோவிலில் மதுரை வீரன் அமர்ந்திருக்கும் குதிரை ஒரு முன்னங்காலைத் தூக்கியிருக்கிறது. போரில் காயம்பட்டு இறந்த வீரனுக்குத்தான் அப்படிச் செய்வார்கள் என்று பேரன் கைப்பேசியில் காட்டுகிறான். உண்மையா, ஐயா?

பதில்: இல்லை, அம்மா. மேல்நாட்டுப் போர்வீரர் சிலைகளைப் பற்றி உலவும் கதை அது. அங்கேயே அந்தக் கணக்குக்குப் பொருந்தாத சிலைகள் பல உண்டு. நம் வீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்ததாகக் கதைப்பாடல்கள் சொல்வதால், பேரனுக்கு அது பொருத்தமாகப் பட்டிருக்கலாம். சிற்பிக்கு இதெல்லாம் பொருட்டில்லை. பாயும் தோற்றம் வேண்டுமானால் கால் தூக்கியிருக்க வேண்டும், சிமெண்டுப் பாரத்தை மற்றக் கால்கள் தாங்கவும் வேண்டும். இரு முன்னங்கால்களையும் தூக்கிய சிலைகளைப் பார்த்தால் வயிற்றுக்கு அடியில் தூணோ பூதமோ முட்டுக் கொடுத்திருக்கும். அடுத்த திருவிழாவில் பேரனுக்குக் காட்டுங்கள்.

கேள்வி: குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது மெய்யா? (தமிழ்ப்பள்ளி மாணவி)

பதில்: கண்ணயர்வது நின்றபடிதான். பின்னங்காலின் மூட்டு பூட்டியதுபோல் நின்றுகொள்வதால் தசைக்கு அதிக வேலை இருக்காது. ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குச் சிறிது நேரமாவது அது படுத்தே ஆக வேண்டும். கூட்டத்தில் ஒன்று காவல் நிற்க, மற்றவை படுத்துக்கொள்ளும். தனியாக நிற்கும் குதிரை பயந்துகொண்டு பல நாள் படுக்காமலே இருந்து, திடீரென்று முழங்கால் மடங்கிச் சரிவதும் உண்டு. முதல் கேள்வி கேட்ட வாசகர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்: அந்த மூன்று ஏக்கருக்கு ஒரு குதிரை போதாது, இரண்டு வேண்டும்.